பந்தயக் குதிரைக்கும் முதுமை உண்டு

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிர்ப்புறம் நிற்கும் சேஷராயர் மண்டபத்தைக் காணச் செல்லுகிறவர்கள், முன்னங்கால் இரண்டையும் ஆகாயத்தில் தூக்கி, தேகபாரம் முழுவதையும் பின்னங்கால்களில் வாங்கி, எதிரே பாயும் புலியின்மேல் வீரன் வேலை ஓங்கும் அந்த ஒரு கணத்திலேயே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்ட கற்குதிரைகளின் முன்னால் சற்று நேரம் வாயடைத்து நின்றுவிட்டுத்தான் அப்பால் நகருகிறார்கள். அந்த மண்டபங்களை ஒட்டிய மணல்வெளியில், இராப்பத்து உற்சவத்தின் எட்டாம் நாள் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி வையாளி கண்டருளும்போது, ஸ்ரீபாதந்தாங்கிகள் முன்னும் பின்னுமாக விரைந்து, வளைந்து, சட்டென்று திரும்பி, உயிருள்ள புரவியின் கதியையே கண்முன் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருமங்கை மன்னனின் வேடுபறியைச் சேவிக்கக் கூடிய ஜனத்திரளும் அந்த வேகத்தோடு கூடவே அசைகிறது. குதிரையைக் கல்லில் நிறுத்தவும் பொன்னில் ஓட்டவும் இவ்வளவு நன்றாக அறிந்த ஒரு பிரதேசத்தில் வாழ்கிற நாம், கற்குதிரைக்கும் பொற்குதிரைக்கும் இல்லாத ஒரு சங்கடம் உயிர்க்குதிரைக்கு உண்டு என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாவிய குதிரை தரையில் இறங்கியாக வேண்டும். இறங்கிய குதிரைக்கு ஒரு நாள் வயதாகவும் வேண்டும். ஜயித்த குதிரையின் கீர்த்தியில் பங்கு கேட்கிறவர்கள் அதன் முதுமையின் பாரத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்பதும், அந்தப் பங்கைக் குதிரை ஓடிச் சம்பாதிக்கும் காலத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதும் என் வாதம்.

அந்த வாதத்துக்கு உதாரணமாக, தடை தாண்டும் பந்தயத்தில் பிரக்யாதி பெற்ற ஒரு குதிரையின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் இன்று நடைபெறும் குதிரைப் பந்தயங்கள் பெரும்பாலும் சமதரையில் ஓடுபவையே ஆதலால், ஸ்டீப்பிள்சேஸ் என்று மேனாட்டார் வழங்கும் பந்தயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நலம். 1752-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்தில் இரண்டு கனவான்கள், பட்டவன்ட் என்னும் ஊரின் மாதா கோயிலிலிருந்து டோனரைல் என்னும் ஊரின் மாதா கோயில் வரைக்கும், தூரத்தே தெரியும் கூரிய கோபுரத்தையே குறியாகக் கொண்டு, வழியிலுள்ள வேலி, பள்ளம், ஓடை எதையும் சுற்றிப் போகாமல் தாண்டிச் செல்வதென்று பந்தயம் கட்டிக்கொண்டார்களாம். எங்கள் திருவெள்ளறையின் முற்றுப்பெறாத கோபுரத்தடியிலிருந்து ஒருவன் குதிரையேறி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையே கண்ணில் வைத்துக்கொண்டு, வயல் வரப்பு, பெருவளை வாய்க்கால், மூங்கில் படல், கொள்ளிடத்து மணல் ஆகிய அனைத்தையும் நேர்கோட்டில் கடந்து போவதாகக் கற்பனை செய்துகொண்டால் அந்தப் பந்தயத்தின் தன்மை உடனே விளங்கிவிடும். நாளடைவில் அந்த விளையாட்டு வேலியிட்ட மைதானத்துக்குள் அடங்கியது. அவ்வகையில் உலகம் முழுவதும் அறிந்ததாய், 1839 முதல் லிவர்பூல் நகரை அடுத்த எய்ன்ட்ரி மைதானத்தில் நடந்துவருவது கிராண்ட் நேஷனல். ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தூரமும் 30 தடைகளும் கொண்டது.

ரெட் ரம் என்ற குதிரை 1965-ஆம் ஆண்டு மே மாதம் அயர்லாந்தில் கில்கென்னி ஜில்லாவில் பிறந்தபோது, அது அந்த நெடும் பந்தயத்துக்கு உரியதென்று யாரும் எண்ணவில்லை. குறுகிய தூரம் விரைந்தோடும் வமிசத்தில் வந்த அக்குட்டி, ஒரு வயதில் 400 கினிக்கு விலைபோயிற்று. இரண்டு வயதில், 1967-ஆம் ஆண்டு, அதே எய்ன்ட்ரி மைதானத்தில், ஒரு கிலோமீட்டர் அளவேயான சமதரை ஓட்டம் ஒன்றில் வேறொரு குதிரையுடன் சமமாக வந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. பிறகு பல பயிற்சியாளர்களின் கைமாறி, தடை தாண்டப் பழகி, ஓடி, உழைத்து, 1972-இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, அதன் குளம்புக்குள் இருக்கும் எலும்பு அழற்சி கண்டிருந்தது. குதிரை இனத்துக்கு அது ஏறக்குறைய உத்தியோகத்திலிருந்து விலக்கும் வியாதி. அதை 6,000 கினி கொடுத்து வாங்கியவர் ஜிஞ்சர் மக்கெய்ன். பழைய மோட்டார் விற்பனையும் வாடகைக் கார் ஓட்டுவதும் ஜீவனோபாயமாக இருந்த அவருடைய லாயம், கார் விற்கும் கடைக்குப் பின்புறம் இருந்தது. அவருடைய வாடகைக் காரில் சவாரி செய்து பழக்கமான, எண்பது வயதைக் கடந்த நோயல் லெ மேர் என்ற முதியவருக்காக அவர் அக்குதிரையை வாங்கினார். கிராண்ட் நேஷனலில் ஜயிக்க வேண்டுமென்பது அம்முதியவரின் வெகுநாளைய மனோரதம்.

மக்கெய்னுக்குப் பசும்புல் மைதானம் கிடையாது. சவுத்போர்ட் என்ற ஊரின் கடற்கரையே அவருடைய பயிற்சிக் களம். வலி கண்ட காலோடு வந்த ரெட் ரம்மைக் கடல்நீரில் நடக்க விட்டு, ஈரமணலில் ஓட விட்டுப் பழக்கிய சில காலத்துக்குள் அதன் நொண்டல் நீங்கிற்று. உப்புநீரின் குளுமையும் மணலின் மென்மையும் சேர்ந்து செய்த உபகாரம் என்று குதிரைக்காரர்கள் சொல்லுவதில் நியாயம் உண்டு. குதிரையின் காலில் முழங்காலுக்குக் கீழே சதைப்பற்றே கிடையாது. எலும்பும், அதன்மீது கயிறுபோல் ஓடும் தசைநாணும், அடியில் குளம்பும்தான். வேகமாக ஓடும்போது, ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள அத்தேகத்தின் பாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசையை ஒரு கணம் ஒரே கால் தாங்க வேண்டியிருக்கிறது. தடையைத் தாண்டி இறங்கும்போது முன்னங்கால்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். ஆகவே பந்தயக் குதிரையின் சரித்திரம் என்பது முக்காலே மூன்று வீசம் அதன் கால்களின் சரித்திரமே.

1973-ஆம் ஆண்டுப் பந்தயத்தை இன்றும் பந்தயப் பிரியர்கள் பாரதக் கதையைப் போலச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். 38 குதிரைகள் புறப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப் என்னும் ஆஜானுபாகுவான குதிரை, ரிச்சர்ட் பிட்மன் என்ற வீரரைச் சுமந்துகொண்டு, தொடக்க முதலே மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளித் தன்னந்தனியாகப் பறந்தது. வல்லமை மிக்க குதிரைக்கு அதிகச் சுமையும், குறைந்ததற்குக் குறைந்த சுமையும் ஏற்றி யாவரையும் சமன்செய்வது அப்பந்தயத்தின் விதி. அதன்படி கிரிஸ்ப் சுமந்தது 76 கிலோ, ரெட் ரம் சுமந்தது 66 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பத்து கிலோ வித்தியாசம் ஆறு கிலோமீட்டர் வரையில் தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை. கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் ஏறக்குறைய பதினைந்து குதிரை நீளம் முன்னால் இருந்த கிரிஸ்ப், வெற்றிக் கம்பத்தை நோக்கிய நீண்ட நேர்வழியில் திடீரென்று கால் தள்ளாடி, குடித்தவன்போல் ஒருபக்கம் சாய்ந்து, பிராணசக்தி அனைத்தும் வற்றிய நிலையில் தத்தளித்தது. பிரையன் ஃப்ளெட்சர் ஓட்டிவந்த ரெட் ரம், ஒரே சீரான கதியில், அடி மேல் அடியாக நெருங்கி, கம்பத்துக்குச் சில அடி தூரம் இருக்கும்போது கடந்து, முக்கால் குதிரை நீளத்தில் ஜயித்தது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி. கோல்டன் மில்லர் என்ற மகா அசுவம் 1934-இல் ஏற்படுத்தி, முப்பத்தொன்பது ஆண்டுகள் அசைக்கப்படாதிருந்த சாதனை, ஏறக்குறைய 19 விநாடி வித்தியாசத்தில் தகர்ந்தது.

அன்று ஜனங்கள் அனுதாபம் காட்டியது தோற்ற கிரிஸ்ப்புக்குத்தான். சுமை குறைவாக இருந்ததால் ஜயித்த குதிரை என்று ரெட் ரம்மின் வெற்றியைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. மறு ஆண்டு, 1974-இல், கிரிஸ்ப் சுமந்த அதே 76 கிலோவைத் தானே சுமந்து, அதே 30 தடைகளையும் தாண்டி மறுபடியும் முதலாவதாக வந்து, அந்த ஏச்சுக்கு அது பதில் அளித்தது. 1975-இல் லெஸ்கார்கோவுக்கும், 1976-இல் ராக் டிரேடுக்கும் அடுத்தபடியாக இரண்டாவதாக வந்தது. இனி இதன் காலம் முடிந்தது என்று விமரிசகர்கள் தீர்மானித்திருந்த வேளையில், 1977-இல், பன்னிரண்டு வயதில், டாமி ஸ்டாக்கைச் சுமந்து 25 குதிரை நீள இடைவெளியில் மூன்றாம் முறையாக ஜயித்தது. ஐந்து ஆண்டுகள், ஐந்து பந்தயங்கள், 150 தடைகள், ஒரு தடையிலும் விழவில்லை, ஒரு முறையும் முதல் இரண்டு ஸ்தானங்களுக்குக் கீழே இறங்கவில்லை. கிராண்ட் நேஷனலை மூன்று முறை வென்ற குதிரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்தப் பராக்கிரமத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கிண்டி மைதானத்தின் வழக்குகளைப் பத்திரிகையில் படித்துவரும் நமக்கு அது முக்கியமானது. எய்ன்ட்ரி மைதானம் 1973-இல் நிலவியாபாரி ஒருவரின் கைக்குப் போயிற்று. நுழைவுக் கட்டணம் ஏறி, ஜனக்கூட்டம் குறைந்து, அந்த நிலமெல்லாம் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிடுமோ என்ற அச்சம் சில ஆண்டுகள் நிலவியது. அந்த இக்கட்டான காலம் முழுவதும் ஆண்டுதோறும் வந்து நின்ற ஒரு குதிரையின்மேல் ஜனங்கள் வைத்த பிரியமே பந்தயத்தின்மேல் வைத்த பிரியமாக மாறியது. பொதுமக்களிடமும் நிதி திரட்டி, 1983-இல் அந்த மைதானம் ஜாக்கி கிளப்பின் வசமாகி ஸ்திரப்பட்டது. ஒரு மிருகம் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1978-இல் ஆறாம் முறை ஓடுவதற்குத் தயாராக இருந்த ரெட் ரம்முக்கு, பந்தயத்துக்கு முதல் நாள் காலெலும்பில் மயிரிழை விரிசல் இருப்பது தெரிந்தது. அத்துடன் ஓட்டம் நின்றது. அதன்பின் பதினேழு ஆண்டுகள் அது ஜீவித்திருந்தது. கடைகளைத் திறந்து வைத்தது. விழாக்களில் முன்னணியில் நடந்தது. ஆண்டுதோறும் கிராண்ட் நேஷனல் அணிவகுப்பில் ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்தது. 1995 அக்டோபர் 18-இல், முப்பதாவது வயதில், உயிர் நீத்து, எய்ன்ட்ரியின் வெற்றிக் கம்பத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. அரசர்க்கும் அரிதான விருத்தாப்பியம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த இடத்தில் நாம் சற்றுத் தயங்கி யோசிக்க வேண்டும். ரெட் ரம்மின் முதுமைக் காலச் சோற்றை யார் போட்டார்கள்? அதன் புகழே போட்டது. ஓடிச் சம்பாதித்த குதிரை, ஓட்டம் நின்ற பிறகு முகம் காட்டிச் சம்பாதித்தது. புகழ் பெற்றவனுக்குப் பிற்காலத்தில் கிடைப்பது சம்பளமே அன்றித் தர்மம் ஆகாது. தர்மம் என்பது, 1973-இல் அதனுடன் புறப்பட்ட மற்ற 37 குதிரைகளும் முதிர்ந்தபின் எங்கே நின்றன என்ற கேள்வியில்தான் பரீட்சிக்கப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டுப் பந்தயக் குதிரை, எலும்பு முழுவதும் முற்றுவதற்கு முன்பே, இரண்டு வயதில் ஓட்டத்துக்கு இறங்குகிறது. ஆறேழு வயதுக்குள் பெரும்பாலானவற்றின் உத்தியோகம் முடிந்துவிடுகிறது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரை 25 அல்லது 30 ஆண்டுகள் ஜீவிக்கும். ஆகவே, மனிதர் கைதட்டும் காலம் ஐந்து ஆண்டு. கைதட்டல் ஓய்ந்த காலம் இருபது ஆண்டு. சிறந்த ஆண் குதிரைகளும் நல்ல வமிசத்துப் பெண் குதிரைகளும் இனவிருத்திப் பண்ணைகளுக்குப் போகின்றன. சில, சவாரிப் பள்ளிகளுக்கும் போலீஸ் படைக்கும் போகின்றன. எஞ்சியவை கல்யாண ஊர்வலத்துக்கும், கடற்கரைச் சவாரிக்கும், மலைவாசஸ்தலத்து வாடகைக்குமாகக் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் தீனி ஒரு பிடி குறைந்து, கடைசியில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் மறைந்துபோகின்றன. கால் முறிந்த குதிரையின் கதி இதைவிடக் கொடிது. மனிதனைப் போல அது மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது; மூன்று கால்களில் நின்றால், அதிகப் பாரம் ஏறிய மற்றக் கால்களின் குளம்பு நோயுற்றுக் கழன்றுபோகும். அதனாலேயே கருணை என்ற பெயரால் அதன் உயிரைப் போக்கிவிடுகிறார்கள். மருத்துவம் இன்றளவும் முழுமையாக வெல்ல முடியாத இடம் அது.

இந்த அலட்சியம் ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்ததென்று எண்ணி நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. ஸ்ரீரங்கத்து விமானத்துக்குப் பொன் வேய்ந்து கீர்த்தி பெற்ற பாண்டியரின் வமிசம் ஆண்ட பதின்மூன்றாம் நூற்றாண்டில், பாரசீக வளைகுடாவிலிருந்து காயல்பட்டினத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. பாரசீக ஆசிரியர் வசாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் அந்த விலையைப் பாண்டியன் கொடுக்க வேண்டும் என்ற உடன்பாடு இருந்தது என்றும் எழுதிவைத்திருக்கிறார். இத்தேசத்தைக் கண்ணால் கண்ட மார்க்கோ போலோ, அரசனும் அவனுடைய சகோதரர்களும் தலைக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வருஷந்தோறும் வாங்குகிறார்கள், வருஷ முடிவில் நூறுகூட உயிரோடு இருப்பதில்லை என்று வியந்து கூறுகிறார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டதும், பராமரிப்பு அறிந்த ஆள் இல்லாததும் அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து; குதிரை சாகச்சாக வியாபாரம் வளரும் ஆதலால், குதிரை வைத்தியர் இங்கே வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சேர்த்துச் சொல்லுகிறார். வெளிநாட்டு யாத்திரிகரின் கூற்றில் மிகை கலந்திருக்கலாம். ஆனால் பொருளாதார நியாயம் மிகையன்று: புதிய குதிரை வந்துகொண்டே இருக்கும் வரையில் பழைய குதிரையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். கிண்டியில் 1777 முதலே குதிரைகள் ஓடியிருக்கின்றன; 1896-இல் மதராஸ் ரேஸ் கிளப் தோன்றியது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டிக் குடும்பங்கள் நாசமாவதைக் கண்டு மனம் கொதித்த தமிழக அரசு, 1974-இல் அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் கிளப்பையே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் பிறந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்த சூதன்று என்ற தீர்ப்பு வந்தது. ஆண்டுக்கு 614 ரூபாய் வாடகையில் கிளப் அனுபவித்துவந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை, குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டு, அங்கே பூங்காவும் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் அமைக்க முற்பட்டது. இதில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. பணத்தை இழந்த ஏழையின் குடும்பத்துக்காக அரசு வாதாடியது. தொழில் நடத்தும் சுதந்திரத்துக்காகக் கிளப் வாதாடியது. வெள்ளத்தில் மூழ்கும் வேளச்சேரிக்காக நகரம் வாதாடுகிறது. ஐம்பது ஆண்டு காலமாக நடந்த இந்த விவாதத்தில், மைதானத்தில் உண்மையாகவே ஓடிய ஜீவனுக்காக வாதாட எந்தத் தரப்பும் முன்வரவில்லை. சூதா, திறமையா என்று தீர்மானிப்பதற்கு அதன் வமிசமும் பயிற்சியும் வேகமும் அலசப்பட்டன. ஓடி முடித்தபின் அது எங்கே போகும் என்பது கேள்வியாகவே எழவில்லை.

சட்டத்தின் கருணையையும் அளந்து பார்த்துவிடலாம். பிராணிகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்க 1960-இல் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம், முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். அதே வேளையில், பந்தயத்தில் கட்டும் பணத்தின்மீது 2023 அக்டோபர் முதல் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பரிலிருந்து அது 40 சதவீதமாக உயர்ந்தது. ஒரு குதிரையின் கால்கள் ஓடும் ஒரே நிமிஷத்தில் அரசின் கருவூலத்துக்குச் சேருவது எவ்வளவு, அந்தக் கால்களைப் பட்டினி போட்டுத் தெருவில் விட்டவன் கட்டுவது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கிற எவனுக்கும் இந்த ஏற்பாட்டின் அநீதி விளங்கும்.

இதற்குப் பரிகாரம் தேடி மேனாட்டுக்குப் போவதற்கு முன், திருவெள்ளறையிலேயே உள்ள ஒரு சாசனத்தைப் படித்துவிடலாம். செந்தாமரைக்கண்ணர் கோயிலின் வெளிப்புறம், நான்கு திசையிலும் படிக்கட்டுகள் இறங்கி நடுவில் சேரும் ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்று உண்டு. பல்லவ தந்திவர்மன் காலத்தில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் என்பவன் வெட்டுவித்தது. யாத்திரிகர் பலர் அதன் வடிவத்தை வியந்து போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே பொறித்துள்ள பாட்டின் பொருளை அறிந்தவர் சிலரே. உயிர் நிலையற்றது, தடியைக் காலாக ஊன்றும் முதுமை வருவதற்குள், உண்டது போக மிகுந்ததை உலகம் அறிய அறத்துக்கென்று வைத்துவிடு என்பது அதன் உபதேசம். மிகுந்ததை வைக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை; எப்போது வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறது. கை நிறைந்திருக்கும்போதே, உடம்பில் வலு இருக்கும்போதே வை என்கிறது. வாலிபத்தில் சம்பாதித்து முதுமையில் பிறர் கையைப் பார்க்கும் எந்த ஜீவனுக்கும் இதைவிடச் சிறந்த நிதித் திட்டம் வேண்டியதில்லை.

அந்த உபதேசத்தைச் சட்டமாக்குவது கடினமன்று. முதலாவதாக, பந்தயக் குதிரையின் பிறப்பையும் வமிசத்தையும் பதிந்துவைக்கும் புத்தகம் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது; பிறப்பைப் பதிகிறவர்கள் அதன் மரணத்தையும், இடையிலே மாறிய ஒவ்வொரு கையையும் கட்டாயமாகப் பதிய வேண்டும். கடைசியாகப் பதிவான உடையவர், குதிரை இருக்கும் இடத்தைக் காட்ட முடியாவிட்டால் புதிய குதிரை வாங்கும் உரிமையை இழக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பந்தயப் பரிசிலிருந்தும், பந்தயப் பணத்தின்மீது வாங்கும் வரியிலிருந்தும் சிறிய பங்கொன்றை, ஜயித்த குதிரை தோற்ற குதிரை என்ற பேதமில்லாமல் அனைத்துக்கும் பொதுவான முதுமை நிதியாக ஒதுக்க வேண்டும். பிரிட்டனில், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு வேறு பழக்கம் கற்பித்து வேறு வாழ்வு தேடித் தருவதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் பந்தயத் துறையார் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். இது கற்பனைத் திட்டமன்று என்பதற்கு அதுவே போதுமான அத்தாட்சி. மூன்றாவதாக, மேய்ச்சலும் வைத்தியமும் கொண்ட காப்பகம் ஒன்று வேண்டும். அதற்கும் முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது: திருச்சிக்கு அருகில் எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை நடத்தும் மையம், தனியார் கைகளில் அல்லலுற்ற யானைகளை மீட்டுப் பராமரித்துவருகிறது. ஒரு காலைத் தூக்கி வைத்தால் பூமி அதிரும் யானைக்கு இடம் தேடிக்கொடுத்த அரசுக்கு, கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள நாமக்கல்லை ஒட்டியோ, துறையூர்ப் பக்கத்து மேட்டு நிலத்திலோ குதிரைக்கு ஓரிடம் கண்டுபிடிப்பது பெரிய பிரயாசையன்று.

மூன்று ஆட்சேபங்கள் எழும் என்பதை நான் அறிவேன். குதிரை செல்வந்தனின் சொத்து, அதன் முதுமைக்கு ஊர் ஏன் அழ வேண்டும் என்பது முதலாவது. சொத்து அவனுடையதாக இருக்கலாம். ஆனால் அதன் வேகத்தின்மீது பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர், வரி வாங்கியது அரசு. கிராமத்தில் கோயில் காளைக்குத் தனியாக உடையவன் இல்லை. ஊரார் அனைவரும் தீனி போடுகிறார்கள், அது இறந்தால் மேளதாளத்தோடு ஊர்வலம் எடுத்து அடக்கம் செய்து கும்பிடுகிறார்கள். பெரிய சூரியூர் வாடிவாசலில் அது துள்ளி வெளிப்பட்ட அந்தச் சில நிமிஷங்களின் ஆனந்தம் ஊருக்குப் பொதுவானதால், அதன் முதுமையும் ஊருக்குப் பொது என்ற நியாயத்தை நம் உழவர்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே அறிந்திருக்கிறார்கள்.

பந்தயத்தையே ஒழித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பது இரண்டாவது. சூதாட்டத்தின் கேட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒழிப்பதென்று ஜனங்கள் தீர்மானித்தால் தாராளமாக ஒழிக்கட்டும். ஆனால் ஒழிப்புச் சட்டம் அமலாகும் அன்றைக்கு லாயங்களில் நிற்கும் குதிரைகள் காற்றில் கரைந்துவிடப் போவதில்லை. தீனிக்கு வழியில்லாத குதிரைகளின் எண்ணிக்கை ஒரே நாளில் பெருகும். ஆகவே பந்தயத்தை வேண்டும் என்கிறவர்களைக் காட்டிலும் வேண்டாம் என்கிறவர்களுக்கே இந்த நிதி முன்கூட்டி இருப்பது அதிக அவசியம்.

மனிதனுக்கே முதுமைக்கால ஆதரவு இல்லாத தேசத்தில் மிருகத்துக்கு ஏன் இத்தனை உபசாரம் என்பது மூன்றாவது. இது மனச்சாட்சியுள்ளவர்கள் கேட்கும் கேள்வி ஆதலால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. நான் கேட்பது ஏழையின் ஓய்வூதியத்திலிருந்து ஒரு காசும் அன்று. குதிரையே ஓடிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைக் குதிரைக்கே வையுங்கள் என்பதுதான். மேலும், நாம் குதிரைக்குப் பட்ட கடன் மைதானத்தோடு முடிந்துவிடவில்லை. காவேரிப் பாசனத்து வயலில் இரவு மடை திருப்பப் போன உழவனை நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ தீண்டிவிட, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து திருச்சி அரசு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே அவன் நாளத்தில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, சிறிது சிறிதாக விஷம் செலுத்தப்பட்டு அதை எதிர்க்கப் பழகிய குதிரையின் குருதியிலிருந்து எடுத்தது. குதிரைப் பந்தயத்தை ஒருநாளும் பார்த்திராத, சீட்டுக் கட்டியறியாத அந்த உழவனும் ஒரு குதிரைக்குக் கடன்பட்டுத்தான் வீடு திரும்புகிறான்.

ரெட் ரம்மின் சரித்திரத்தைப் படித்து மகிழ்கிறவர்கள் அதன் மூன்று வெற்றிகளை எண்ணிச் சொல்லுகிறார்கள். அந்த வெற்றிகளுக்குரிய புகழ் குதிரையையும், மக்கெய்னையும், ஓட்டிய வீரர்களையும் சாரும். பார்த்தவர்களுக்கும் பணம் கட்டியவர்களுக்கும் வரி வாங்கியவர்களுக்கும் அதில் பெருமை கொள்ள யாதொன்றும் இல்லை. நாம் பெருமை கொள்ளத்தக்கது, ஒரு பந்தயத்திலும் முதலாவதாக வராத, பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு குதிரை, நொண்டிய காலோடு இருபத்தைந்தாவது வயதில் நிழலில் நின்று வயிறார மேயும்படி செய்திருந்தால் மட்டுமே. தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தின் எதிர்காலத்தைப் பற்றிய சட்டம் இனி எந்த ரூபத்தில் வந்தாலும், அனுமதிப்பதாக இருந்தாலும் தடுப்பதாக இருந்தாலும், ஓய்வுபெற்ற குதிரையின் சம்ரட்சணையைப் பற்றிய பிரிவு அதன் முதற்பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களை நம் ஜில்லா வாசகர்கள் கேட்பார்களாக.